அறிவுரை மட்டும் போதுமா?



"நம்ம ஜனங்களுக்கு சுத்தமே தெரியல டீச்சர்" என்று பௌர்ணமி முடிந்ததும் உங்களில் யாராவது எழுதிவிடுகிறீர்கள். கிரிவலப் பாதையில் குப்பை கிடப்பது உண்மைதான். ஆனால் ஜனங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாதை 14 கிலோமீட்டர். என் வயதுக்காரர்களுக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும். வழியில் கழிப்பறையை நம்ப முடியாது என்று பெண்கள் பலர் கிளம்பும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கா சுத்தம் தெரியாது? தெரிந்ததால்தான் தாகத்தோடு நடந்து, மறுநாள் நீர்க்கடுப்போடு படுக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்திலும் இதையே பார்த்தேன். கை கழுவப் பாடம் உண்டு, உறுதிமொழி உண்டு. குழாயில் தண்ணீர் வந்த நாளில் பிள்ளைகள் கழுவினார்கள். வராத நாளில் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். அதே பிள்ளைகள்தான்.

முன்கழுத்துக் கழலை வராமல் தடுக்க, வீடு வீடாகப் போய் அயோடினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தால் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? உப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். அயோடின் இல்லாத உப்பைச் சமையலுக்கென்று விற்க 2006இல் நாடு முழுவதும் தடை வந்தது. நாம் வழக்கம்போல ரசம் வைத்தோம். அவ்வளவுதான்.

அதற்காக ஓர் உத்தரவு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. கவர் இன்னும் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மலிவாக மாற்றுப் பொருள் கிடைக்க வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். அப்போதுதான் மஞ்சப்பை கைக்கு வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எனக்குப் பிடித்ததும் இதனால்தான். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பஸ் ஏறி, வரிசையில் நின்று, அரை நாள் கூலியை விட வேண்டியதில்லை. ஆனால் வந்த மாத்திரையை விழுங்குவது நம் வேலை. அதை எந்த அரசாங்கமும் நமக்காகச் செய்ய முடியாது.

உங்களில் சிலர் இன்று இன்ஜினியர்கள், சிலர் கவுன்சிலர்கள், சிலர் அன்னதானம் போடுகிறவர்கள். கழிப்பறை கட்டினால் தாழ்ப்பாள், தண்ணீர், ராத்திரி விளக்கு, கழுவும் ஆளுக்குச் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அன்னதானத்துக்கு அரிசி வாங்கும்போதே குப்பைத் தொட்டிக்கும், அதை எடுத்துப்போகும் வண்டிக்கும் பணம் ஒதுக்குங்கள். அதன் பிறகும் கீழே போடுகிறவரை நானே கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்.

தீபத்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். மாத்திரையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்