கால் மாத்திரை

லோபாக்கில் எனக்கு முடி வெட்டும் அண்ணன் போன வருடம் பின்கண்ணாடியைக் காட்டாமலே துண்டை உதறினார். அன்றிரவே ஃபினாஸ்டரைடு பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

டெஸ்டோஸ்டிரோன் டிஎச்டியாக மாறுவதை அது குறைக்கிறது. முடிவேரைச் சுருங்க வைப்பது அந்த டிஎச்டிதான். அமெரிக்காவில் பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் 1992இல் அனுமதி பெற்றது. வழுக்கைக்கு 1 மில்லிகிராம், 1997இல். ஆய்வுகளில் பாலியல் பக்கவிளைவு சொன்னவர்கள் 3.8 விழுக்காடு. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 2.1 பேர் சொல்லியிருக்கிறார்கள். மனசு சமாதானமானது. ஆனால் நிறுத்திய பிறகும் சிலருக்குத் தொடரலாம், மனச்சோர்வு வரலாம் என்ற எச்சரிக்கைகள் பின்னால் சேர்ந்தன. அதை வாசித்த வாரம் ஓ.டி. களைப்பைக்கூட மாத்திரை மேல்தான் போட்டேன். இத்தனைக்கும் அப்போது ஒன்றுகூட விழுங்கியிருக்கவில்லை!

டாக்டர் சீட்டு கொடுத்தார். 5 மில்லிகிராமை நாலாக வெட்டினால் மலிவு என்பது என் யோசனை. சமையலறைக் கத்தியால் வெட்டினேன்.

"கத்தியில என்னடா தூளு?" அக்கா கேட்டாள். அவளுக்கு அப்போது மூணு மாசம்.

மருந்துப் பெட்டியிலிருந்த தாளை மறுபடி விரித்தேன். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, ஆண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பு உருவாவது பாதிக்கப்படலாம். என் உடம்புக்கு என்ன ஆகும் என்று மூன்று வாரம் கணக்குப் போட்டவன், இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அவள் தொடவில்லையாம். கத்தியைத் தூக்கிப் போட்டேன். அம்மாவிடம் துரு என்றேன்.

1 மில்லிகிராம் முழு மாத்திரைக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.