இறால் குஞ்சுக்கு ஒரு துண்டு ஸ்பாஞ்ச்

ரிட்டயர் ஆனபின் மீன் தொட்டியே கதி என்று உறவுகள் என்னைக் கேலி செய்வார்கள்.

"சார், செர்ரி இறால் முட்டையோடு திரியுது, குஞ்சை மட்டும் காணோம்" என்று பழைய மாணவி ஒருத்தி போனில் வருத்தப்பட்டாள். தொட்டியில் மீனே கிடையாதாம். "ஃபில்டரைத் திறந்து பாரம்மா" என்றேன். உள்ளே நாலு குஞ்சு உயிரோடு இருந்தன. மற்றவை போயே போச்சு.

தாய் இறால் 20, 30 முட்டைகளை வயிற்றடியில் வைத்து, மூன்று நான்கு வாரம் கால்களால் விசிறி விசிறிக் காக்கிறது. பொரிந்து வரும் குஞ்சு 2 மி.மீ. தான் இருக்கும். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் இடுக்கு அதற்குத் தாராளம். மீனை மனதில் வைத்துச் செய்த குழாய் அது, இறாலை யார் நினைத்தார்கள்!

குழாய் வாயில் நுண்துளை ஸ்பாஞ்ச் ஒன்றை மாட்டினால் போதும். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. சிலர் பழைய நைலான் சாக்ஸ் கட்டுகிறார்கள்; சீக்கிரம் அடைத்துக்கொண்டு மோட்டார் திணறும். ஸ்பாஞ்சில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் குஞ்சுகள் மேய்வதைப் பாருங்கள், எமன் வாசலில் பந்தி!

அழுக்கேறினால் முதலில் குஞ்சுகளை உதறிவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து அதில் பிழியுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே வாங்கிவிடுங்கள். அந்தக் குமிழிச் சத்தம் எங்கள் வீட்டம்மாவுக்குத்தான் ஆகாது.