பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு



எங்கள் கோவிலூரில் என்னிடம் படித்த ஒருவன், அப்பாவின் ஓய்வுப் பணத்தில் மூன்றரை லட்சத்துக்குப் பழைய கார் வாங்கினான். மீட்டரில் 48,000 கிலோமீட்டர். சர்வீஸுக்கு விட்டபோதுதான் தெரிந்தது, இரண்டு வருடம் முன்பே அது 1,12,000 ஓடிய வண்டி என்று. "செகண்ட் ஹேண்ட்னா அப்படித்தான் தம்பி, பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றாராம் வியாபாரி.

பழைய வண்டியில் தேய்மானம் இருக்கும், சரி. பொய்யையும் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் 1915க்குப் போன் செய்து வழி கேட்கலாம். வியாபாரியாக இல்லாத தனியாள் சொந்த வண்டியை விற்றிருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

ஆணையத்துக்கு ஆதாரம் வேண்டும். இவனிடம் இருந்த ரசீதில் கிலோமீட்டரே இல்லை. நல்லவேளை, வியாபாரி வாட்ஸப்பில் அனுப்பிய விளம்பரத்தில் 48,000 என்று இருந்தது. அதையும் சர்வீஸ் பதிவையும் வைத்து இப்போது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான்.

நீங்கள் வாங்கும்போது சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். ரசீதில் கிலோமீட்டரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த வண்டியே வேண்டாம்.