பீலித் தண்ணீரில் மிதந்த எண்ணெய்

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருப்பவன் நான். அச்சு மை விரலில் ஒட்டிய காலத்தில் தொழிலுக்கு வந்து, எல்லாமே கணினித் திரையில் முடிந்துவிடும் இக்காலத்திலும் அதே தொழிலில் நீடிக்கிறேன். ஆனால் சில வருடங்களாக என் நகக்கண்களில் தங்கியிருக்கும் கறுப்பு அச்சு மை அல்ல. அது லொறியின் பழைய எஞ்சின் ஒயில்.

தம்பியும் நானும் கூட்டாக வாங்கிய பழைய கன்டர் லொறி ஒன்று எங்களிடம் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வரும். ஓய்வு நாட்களில் அது டிக்கோயாப் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், லயத்துக்கு மேலே உள்ள சிறு முற்றத்தில் நிற்கும். தம்பி ஓட்டுவான். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது நான் அதைப் பராமரிப்பேன்.

எங்கள் அப்பா தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலையின் பின்புறம் லொறியை நிறுத்தி, அதன் அடியில் படுத்து அவரே ஒயில் மாற்றுவார். பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய மரத்தூள் வைத்திருப்பார். ஒரு துளி சிந்தினாலும் அதன்மீது மரத்தூளைத் தூவி, கூட்டி அள்ளிவிட்டுத்தான் எழுந்திருப்பார். "ஒயில மாத்துறது பெரிய வேல இல்ல. சிந்தாம மாத்துறதுதான் வேல" என்பார்.

அவர் பயந்தது துரைக்கு அல்ல, டீமேக்கருக்கு. தேயிலைக்கு வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உண்டு. லொறியின் தட்டில் டீசலோ ஒயிலோ பட்டு, அந்த வாடை கொழுந்தில் ஏறிவிட்டால், தயாரான தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவரின் நாக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பேராதனையில் கலைப் பட்டம் பெற்றுவிட்டு ஊருக்கு வந்த எனக்கு, மரத்தூளோடு மல்லுக்கட்டும் அப்பாவின் கவனம் அளவுக்கு மீறியதாகத் தோன்றியது. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவேயில்லை.

கற்றுக்கொள்ள வைத்தது 2022ஆம் ஆண்டு. டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடத்தை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரூபாவின் பெறுமதி சரிந்தபோது எஞ்சின் ஒயில், பில்டர் என்று வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாவற்றின் விலையும் எங்கோ போய்விட்டது. கராஜுக்குக் கொடுக்கும் கூலியையாவது மிச்சம் பிடிப்போம் என்று தம்பி சொன்னான். அப்பா இருந்தபோது கேட்டிருக்க வேண்டியதை, அவர் போன பிறகு நாங்களாகவே செய்து பார்க்கத் துணிந்தோம்.

முதல் தடவையே பிழைத்தது.

எங்கள் லொறியின் எஞ்சின் ஏழரை லீற்றர் ஒயில் கொள்ளும். நாங்கள் அடியில் வைத்ததோ, பக்கவாட்டில் வெட்டிய ஐந்து லீற்றர் கேன். இந்தக் கணக்கை இரண்டு பேருமே பார்க்கவில்லை. போதாததற்கு, கொழும்பிலிருந்து வந்திறங்கிய சூட்டோடு எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே அடைப்பைக் கழற்றினேன். கொதிக்கும் ஒயில் மணிக்கட்டில் பட்டதும் கையை உதறினேன். அடைப்பு கேனுக்குள் விழுந்தது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கேன் நிரம்பி வழிந்தது. மண்ணில் ஒரு கறுப்புக் குட்டை தேங்கியது. சாக்கு ஒன்றை அதன்மீது போட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கொள்வோம் என்று உள்ளே போய்விட்டோம். அன்றிரவு மழை பெய்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கீழ் லயத்து அக்கா ஒருவர் வாளியோடு வாசலில் நின்றார்.

"தம்பி, பீலித் தண்ணியில என்னமோ மெதக்குது. மண்ணெண்ண மாதிரி வாட அடிக்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மலையகம் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே உள்ள ஊற்று நீரைச் சிறு தொட்டியில் தேக்கி, குழாய் வழியாகவோ தகரத் துண்டு வழியாகவோ விழவைக்கும் இடத்தைத்தான் பீலி என்கிறோம். பல லயங்களுக்கு இன்றும் குடிக்க, குளிக்க, சமைக்க அதுதான் தண்ணீர். எங்கள் முற்றத்துக் கான் அந்தத் தொட்டியை ஒட்டித்தான் இறங்குகிறது. மழை வலுத்தால் கான் நிரம்பித் தொட்டிக்குள் வழியும். அது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும்.

போய்ப் பார்த்தேன். தொட்டியின் மேற்பரப்பில் வானவில்லின் நிறங்கள் அசைந்துகொண்டிருந்தன. அக்கா யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவணும்" என்று மட்டும் சொன்னார். தொட்டியை இறைத்துக் கழுவி, மிதந்ததைச் சாக்கினால் ஒற்றி எடுத்து, மரத்தூள் போட்டு அள்ளி, மண்ணையும் வெட்டி எடுத்தோம். நான்கு நாட்கள் வேறொரு பீலியிலிருந்து கேன்களில் தண்ணீர் நிரப்பி, அதே லொறியில் ஏற்றி வந்து லயத்துக்குக் கொடுத்தோம்.

நீர்நிலைகள் மாசடைவதைப் பற்றி நான் எத்தனையோ தடவை பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். பொறுப்பற்றவர்கள் என்று முகம் தெரியாத பலரைச் சாடியிருக்கிறேன். அந்த நான்கு நாட்களும் என் பழைய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மலைநாட்டில் சிந்துவது எதுவும் சிந்திய இடத்தில் நிற்பதில்லை. எங்கள் தோட்டத்து ஓடை டிக்கோயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அங்கிருந்து கெஹெல்கமு ஓயாவாக இறங்கி, மவுஸ்ஸாகலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. கொழும்பு நகரத்தார் குடிப்பது அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படும் இந்தக் களனி நீரைத்தான். சில மைல்கள் தள்ளிக் கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் விழும் மழையோ கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியோடு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணித்துத் திருகோணமலைக் கடலைத் தொடுகிறது. ஒரு கலன் பழைய எஞ்சின் ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைப் பாழாக்கப் போதுமானது என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்லும் கணக்கு. கொழும்புக்காவது சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பீலிக்கு எதுவும் இல்லை. கீழ் லயத்துக்காரர்கள் அப்படியே பிடித்துக் குடிக்கிறார்கள்.

அதன்பிறகு நாங்கள் ஒயில் மாற்றும் முறையே மாறிவிட்டது. லொறியோ வானோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

மழை வரும் நாளில் இந்த வேலையைத் தொடங்குவதில்லை. சமதரையில் நிறுத்தி, கைத்தடை போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வைக்கிறோம். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்துபோனால் ஒயில் கெட்டியாகி முழுவதும் வடியாது. கொதித்தால் என் மணிக்கட்டுக்கு நேர்ந்ததுதான் நேரும். நுவரெலியாக் குளிரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் சரியாக இருக்கும்.

தரையில் முதலில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய அட்டைப்பெட்டி, அதன்மேல் அகன்ற தட்டு. எஞ்சின் கொள்ளும் அளவைவிடத் தட்டு இரண்டு லீற்றராவது கூடுதலாகக் கொள்ள வேண்டும். மரத்தூள் சாக்கு கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பழைய ஒயில் நீண்டகாலம் தோலில் படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்பதால் கையுறையும் அவசியம்.

அடைப்பைச் சாவியால் தளர்த்திய பிறகு விரலால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். சுழற்றும்போது உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிச் சுற்று முடிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட்டால் கையிலும் படாது, அடைப்பும் தட்டில் விழாது. ஒயில் முதலில் தூரப் பாய்ந்து, குறையக் குறையக் கிட்டத்தில் விழும். தட்டை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். துளித்துளியாகச் சொட்டுவதும் நிற்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

அதிகம் சிந்துவது பில்டரைக் கழற்றும்போதுதான். அதற்குத் தம்பி கண்டுபிடித்த வழி எளிமையானது. பில்டரைத் தளர்த்தியதும் அதன்மீது ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை மாட்டி, பைக்குள்ளேயே கழற்றி எடுக்கிறான். வடிவது முழுவதும் பைக்குள் விழும். பழைய இறப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்மேல் புதியதை மாட்டினால், எஞ்சினை இயக்கியதும் ஒயில் பீறிட்டு வெளியேறும். புதிய வளையத்தில் விரலால் சிறிது ஒயில் பூசி, கையாலேயே இறுக்கினால் போதும். அடைப்புக்குப் புதிய வளையமிட்டு, அளவாக இறுக்கி, சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாகவே புதிய ஒயிலை ஊற்றி, ஒரு நிமிடம் எஞ்சினை இயக்கிக் கசிவு உண்டா என்று பார்க்கிறோம். நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலைப் பார்த்து மிகுதியை ஊற்றுகிறோம்.

இனி, பழைய ஒயிலை என்ன செய்வது? வேலி மரத்துக்குப் பூசுவார்கள், கரையான் வராமல் கூரைச் சட்டத்துக்குத் தடவுவார்கள், புல் கருகட்டும் என்று கான் ஓரத்தில் ஊற்றுவார்கள். எல்லாமே மழையோடு கீழேதான் வரும். நாங்கள் புனல் வைத்து மூடியுள்ள கேன்களில் நிரப்பிவிடுகிறோம். தண்ணீரோ வேறெதுவுமோ அதில் கலப்பதில்லை. அடுத்த பயணத்தில், சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தோடு இயங்கும் ஒரு சேர்விஸ் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். பெறுபவர் சில சமயம் முகம் சுளிப்பார். தம்பி கேனை இறக்கி வைத்துவிட்டுத்தான் வருவான்.

சென்ற தடவை ஒயில் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா கொழுந்துக் கூடையோடு அந்த வழியாகப் போனார். நின்று, குனிந்து, லொறிக்கு அடியிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"இந்தத் தடவ ஒண்ணும் சிந்தலயே தம்பி?"

"இல்லக்கா. நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். அட்டையில் நாலைந்து துளிகள் இருந்தன. மரத்தூள் சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மலைக்கு ஏறிப் போனார்.