அம்பையிலிருந்து ஒரு படகு தேடி

அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர்களுக்கு ஆறு தெரியும், கடல் தெரியாது. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி எங்கள் வயல்களுக்கு நீர் தந்துவிட்டுக் கிழக்கே சென்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது என்று பள்ளியில் படித்ததோடு சரி. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் ஆழ்கடல் மீன்பிடி விசைப்படகு வாங்கப் போகிறார் என்றால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வர். நானும் முதலில் சிரித்தேன்.

வாங்கப் போகிறவர் என் தங்கையின் மகன். ஷார்ஜாவில் பதினோரு ஆண்டு உழைப்பு. அங்கே அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தூத்துக்குடி நண்பர் ஒருவரும் அவனும் கூட்டாகப் படகு வாங்கித் தூத்துக்குடியில் விடுவதென்று முடிவு செய்தார்கள். புதுப்படகுக்குப் பணம் போதாது. கேரளத்து முனம்பத்தில் பழைய படகு ஒன்று விலைக்கு வருவதாகத் தரகர் ஒருவர் கைபேசியில் படங்களை அனுப்பினார். நீல வண்ணம் அடித்து, மாலை போட்டு, பார்க்க மணப்பெண் போல நின்றது படகு. குறையும் தொகைக்குத் தங்கையின் வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதாகப் பேச்சு. “அவன் வாப்பா விட்டுப்போனது இந்த ஒரு வீடுதான் காக்கா. அதை வட்டிக்கு வைப்பதா?” என்று தங்கை கண் கலங்கினாள். மருமகனோ, “மாமா, நீங்கள் ஒரு நடை தூத்துக்குடி போய் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வாருங்கள்” என்றான்.

பஜ்ரு தொழுகை முடிந்ததும் பஸ் ஏறினேன். ஆற்றுப்பாலம் கடந்தால் கல்லிடைக்குறிச்சி. பிறகு வீரவநல்லூர், சேரன்மகாதேவி. பத்தமடையில் பஸ் சற்று நின்றது. பட்டுப் போல மடிக்கத்தக்க கோரைப்பாய் நெய்யும் நம்மவர் குடும்பங்கள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பாய் வாங்க வருகிறவர் அதை விரித்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். பாய்க்கே அவ்வளவு பார்வை. படகுக்கு நான்கு படங்கள்!

வெகு தொலைவிலிருந்து பழைய கலம் வாங்கிய கதை இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று. நூறாண்டுக்கு முன் நம் மாவட்டமே அதற்குப் பணம் திரட்டியது. அந்தக் கதையின் ஒரு முனை எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். பாபநாசத்தில் விழும் ஆற்றுநீரின் விசையைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் 1880களில் நூற்பாலை நிறுவியவர்கள் ஹார்வி சகோதரர்கள். தூத்துக்குடியில் கோரல் ஆலையும் அவர்களுடையதே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஏஜெண்டுகளும் அவர்களே. மேற்கே ஆலை, கிழக்கே கப்பல். ஆற்றின் இரு முனையும் ஒரே கையில் இருந்தது.

அந்தக் கையை எதிர்த்துத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். செயலாளர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். இவர் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, தாமே வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒருவரிடமிருந்து வந்தது! வ.உ.சி.யின் பெயர் துறைமுகத்துக்கு இருக்கிறது, தெருக்களுக்கு இருக்கிறது. சேட்டின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தார்கள். எதிர்த்தரப்பு நெருக்கவே, வாடகைக்குத் தந்தவர்கள் பின்வாங்கினர். இலங்கையிலிருந்து கப்பல் ஒன்றை அமர்த்திச் சமாளித்தார்கள். இரவல் கலம் எந்த நேரமும் பறிபோகும் என்று கண்ட வ.உ.சி., வட இந்தியா சென்று பங்கு திரட்டினார். கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாள்வேன் என்று சூளுரைத்துச் சென்றார் என்பர். வீட்டில் மூத்த மகன் நோயில் கிடந்தான், மனைவி கருவுற்றிருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. இரண்டும் பிரான்சில் வாங்கியவை. இரண்டும் முன்பே ஓடியவை. அன்று தூத்துக்குடிக் கடற்கரையில் கூடிய கூட்டத்துக்கு அவை பழையவை என்ற எண்ணமே எழுந்திருக்காது.

வல்லநாட்டில் பஸ் மீண்டும் ஆற்றைக் கடந்தது. எங்கள் ஊர் ஆறுதான். ஆனால் இங்கே அகன்று, ஓசையடங்கி, வேறு யாரோ போல் கிடந்தது.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் மருமகனின் நண்பருடைய உறவினர் ஒருவர், முதிய படகு மேஸ்திரியிடம் என்னை அழைத்துச் சென்றார். மரப்படகும் இரும்புப் படகும் கட்டிப் பழகிய கை. கைபேசிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “படகு அழகாகத்தான் இருக்கிறது பாய். தண்ணீருக்கு மேலே இருப்பதைத்தானே காட்டியிருக்கிறார்கள்” என்றார். படகைக் கரையேற்றி ஏரா எனப்படும் அடிக்கட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டும். புது வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இரும்பானால் தகட்டின் கனத்தை அளக்க வேண்டும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் நம் கண் முன்னே கிளப்பச் சொல்ல வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். படகின் பேரில் வங்கிக் கடன் நிற்கிறதா என்பதும், அந்த மாநிலத்துப் பதிவை நீக்கி ஆட்சேபணை இல்லை என்னும் சான்று தருவார்களா என்பதும் அடுத்தவை. இவ்வளவும் நான் எதிர்பார்த்தவையே.

எதிர்பாராதது பிறகு வந்தது. “எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. தமிழகத்து மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 2020இல் திருத்தப்பட்டபோது, விசைப்படகின் நீளம் 24 மீட்டருக்கும் எஞ்சின் திறன் 240 குதிரைத்திறனுக்கும் மேற்படக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். கேரளத்திலோ 400 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட சீன எஞ்சின்களைப் பூட்டிய படகுகள் பல உண்டு. அத்தகைய படகைக் குமரி முனை சுற்றி ஓட்டி வந்து இங்கே நிறுத்தினால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லையேல் வரி நீக்கிய டீசல் இல்லை. கடலுக்குள் போக அனுமதியும் இல்லை.

அத்தோடு முடியவில்லை. முனம்பத்துப் படகுகள் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும்படி பெரிய ஐஸ் அறையோடு கட்டப்பட்டவை. தூத்துக்குடி இழுவைப் படகுகளோ விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. பக்கத்துத் தருவைக்குளத்தார் பல நாள் தங்கித் தொழில் செய்கிறார்களே என்றால், அவர்கள் வலை வேறு, தொழில் வேறு. பெரிய வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் தொழிலுக்குப் போனால் டீசல் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். “நல்ல படகுதான். ஆனால் இந்தத் துறைக்கு நல்ல படகு இல்லை” என்றார் மேஸ்திரி. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தடைக்காலத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் பழுது பார்க்கக் கரையேறியிருக்கும், அடிப்புறம் மறைக்க இயலாது.

பிற்பகலில் பழைய துறைமுகப் பக்கம் நடந்தேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் நின்றன. மேஸ்திரி சொன்னதும் காலியாவும் நினைவில் கலந்து வந்தன. சுதேசிக் கப்பல்களும் பழுதால் வீழவில்லை. எதிர்க்கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. இவர்கள் எட்டணா ஆக்கினார்கள். அவர்கள் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு. அதிகாரிகள் ஒரு பக்கமே நின்றார்கள். 1908 பிப்ரவரி 27இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி வென்றது. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது கம்பெனி இல்லை. 1911லேயே கலைக்கப்பட்டிருந்தது. பக்கீர் சேட் போட்ட 2 லட்சத்தை எண்ணிப் பார்த்தேன். பங்கு என்பது லாபத்துக்கு மட்டுமன்று, நட்டத்துக்கும்தான் என்று அறிந்தே போட்ட பணம். அடகுப் பத்திரம் அப்படியன்று. படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது வீட்டைக் கேட்கும்.

இரவு வீடு திரும்பி மருமகனை அழைத்தேன். கேட்டதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. எஞ்சினில் பதித்திருக்கும் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித் தரகரிடம் கேள், முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே என்றேன். “இன்னும் கொடுக்கவில்லை மாமா” என்றான். நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநாள் காலை படம் வந்தது. 420 என்று தகட்டில் தெளிவாகவே இருந்தது. அதன் கீழே அவன் ஒரு வரி எழுதியிருந்தான்: “லீவில் வந்து நானே பார்க்கிறேன் மாமா. பத்திரத்தை உம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.”

பத்திரம் என் அலமாரியில் மஞ்சள் பையில் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தேன்.