வழி அடைந்த பாறை

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கெட்டிலில் உப்பு படிந்து நான் பார்த்ததில்லை. முடா ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. சென்னையில் போர் தண்ணி காய்ச்சிய பாத்திரத்தின் அடியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அண்ணன் 15 வருடமாக மல்லுக்கட்டுவது அதனுடைய இன்னொரு வகையோடு. திரெங்கானு கடலில் வேலை. வீட்டில் கேட்டால் “பிளாட்ஃபார்ம் லா” என்பதோடு முடிந்துவிடும். நாங்கள் அறிவியல் படித்தது மலாயில். அவர் வேலை பார்ப்பது ஆங்கிலத்தில். அம்மாவுக்குச் சொல்ல மொழியே அமையவில்லை.

போன மாதம்தான் சொன்னார். கிணற்றை மூடப்போகிறார்கள், ஒப்பந்தமும் நீளாது.

“எண்ணெய் தீர்ந்துபோச்சா?”

“தீரலம்மா. உள்ளதான் இருக்கு. வர்ற வழி அடைச்சுப்போச்சு.”

எண்ணெய் பூமிக்கடியில் ஏரியாகக் கிடப்பதில்லை. மணற்பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் கடல்நீரை உள்ளே செலுத்துவார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட். பாறைக்குள் பன்னெடுங்காலமாகக் கிடக்கும் நீரில் சில இடங்களில் பேரியம் இருக்கும். இரண்டும் கலந்தால் பேரியம் சல்பேட். லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் கரையும், மிச்சம் கல்.

“ரெண்டும் தெளிஞ்ச தண்ணிதானேடா?”

“தனித்தனியா இருக்கிற வரைக்கும் தெளிவும்மா.”

துளைகள் முழுக்க நிரம்ப வேண்டியதில்லை. ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போகும் குறுகிய வாய்கள் அடைந்தாலே போதும், ஓட்டம் நின்றுவிடும். கெட்டிலில் படியும் கால்சியம் கார்பனேட் என்றால் அமிலம் ஊற்றிக் கரைக்கலாம். பேரியம் சல்பேட் அமிலத்துக்கு அசையாது. குழாய்க்குள் என்றால் சுரண்டலாம். பாறைக்குள் யார் போய்ச் சுரண்டுவது? அதனால் முன்கூட்டியே தடுக்க வேண்டும். பாறையில் ஒட்டிக்கொண்டு, வெளியேறும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கல் வளரவிடாமல் செய்யும் மருந்தை உள்ளே செலுத்துவார்கள். கடல்நீரிலிருந்து சல்பேட்டையே வடிகட்டிவிட்டு அனுப்பும் முறையும் 1980களின் இறுதியில் வட கடலில் தொடங்கியது.

அண்ணனுக்கு 43 வயது. வேறு கம்பெனிகளுக்கு எழுதிப்போட்டிருக்கிறார், பதில் இல்லை. வீட்டுக் கடன் பாக்கி.

அன்றிரவு அம்மா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அந்த மருந்த எத்தன மாசத்துக்கு ஒருக்கா விடுவீங்க?” என்று கேட்டார்.

“அது கிணத்துக்குக் கிணறு மாறும்மா,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அண்ணன். விடிய ஒரு மணி வரைக்கும் பேசினார்.