நான் போட்ட கையெழுத்து

சென்ற மாதம் ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, “நல்லா இருக்கீங்களா அங்கிள்?” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயங்களும் இல்லை, நாங்கள் பந்து விளையாடிய திடலும் இல்லை. எங்கள் குழுவின் கோல் மன்னன், ஒரு வெற்றி விருந்தில் குடித்துவிட்டுக் காரை எடுத்தான். இரவு வேலை முடிந்து மோட்டாரில் வந்த அந்தப் பெண்ணின் அப்பா வீடு போய்ச் சேரவில்லை.

“பையன் எதிர்காலம் பாழாகிவிடும், தண்டனையைக் குறையுங்கள்” என்று மனு எழுதினோம். குழுத்தலைவனான நான்தான் முதல் கையெழுத்து. அவர் மகளின் எதிர்காலம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இங்கிலாந்தின் பிளைமவுத் கோல்காவலர் லூக் மெக்கார்மிக், 2008-இல் போதையில் காரோட்டி இரு சிறுவர்களின் உயிரைப் பறித்தார். தண்டனை 7 ஆண்டு 4 மாதம். 2012-இல் வெளியே வந்து, மறு ஆண்டே அதே குழுவில் மீண்டும் சேர்ந்தார். நம் நாட்டில் 2020-இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது: இக்குற்றத்துக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 1 லட்சம் ரிங்கிட் அபராதம்.

தண்டனையை முழுமையாக முடித்தவன் மீண்டும் விளையாடட்டும். நான் தடுக்க மாட்டேன். ஆனால் அடித்த கோல்களைக் காட்டி ஆண்டுகளைக் குறைக்கக் கேட்பது நியாயமில்லை. அன்றிரவு அவனிடம் கார் சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டிய கைதான், பிறகு மனுவில் கையெழுத்துப் போட்டது.